புதிய ஜனாதிபதிக்காக ஜெபிக்கிறோம், அம்மா ஆமென் சொல்வதில்லை

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இது. அவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"போதகர் ஐயா, 2024 செப்டம்பரில் அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானதற்கு அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்கள். எங்கள் போதகர் அவரை, யூதரைச் சிறையிருப்பிலிருந்து திரும்ப அனுப்பிய பாரசீக ராஜாவோடு ஒப்பிட்டு, நம் காலத்துக் கோரேஸ் என்று சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவருக்காக ஜெபம் நடக்கிறது. அம்மா மட்டும் குனிந்த தலை நிமிராமல் இருப்பா, ஆமென் சொல்லமாட்டா. என் அண்ணாவை யுத்தம் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் அம்மாதான் தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்தவ. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. போன மாதம் சபை மூப்பர் ஒருவர் அம்மாவிடமே வந்து, ரோமர் 13ஐ வாசியுங்கள், நீங்கள் செய்வது தேவனுக்கு விரோதம் என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குச் சின்னத்துக்குப் புள்ளடி போட்ட அத்தான் இப்போது ஆராதனைக்கே வருவதில்லை. அவருடைய தம்பி அனுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்கு வேலை செய்தவர், இரண்டு பேரும் பேசுவதில்லை. நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அனுரவின் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தில் 3 இடம் எடுத்ததும் சபை வாட்ஸ்அப் குறூப்பில் பெரிய சண்டை. கனடாவில் இருக்கும் ஒருவர் சங்கீதம் 109:8ஐப் போட்டு, இதுதான் என் ஜெபம் என்றார். அம்மா செய்வது பாவமா? நான் வாக்கே போடாத ஒருவருக்காக எப்படி நன்றி சொல்வது? பெப்ரவரி 4 சுதந்திர தின ஆராதனையில் பாடகர் குழுவோடு பாடவும் கேட்கிறார்கள். போவதா, விடுவதா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் நேரான பதில். உங்கள் அம்மா ஆமென் சொல்லாமல் இருப்பது பாவம் இல்லை. நீங்கள் புதிய ஜனாதிபதிக்காக ஜெபிக்கத்தான் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவதுபோலத் தெரியலாம், ஆனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் சபையில் இப்போது நடக்கிற குழப்பத்துக்குக் காரணமே, ஆள்பவருக்காகச் செய்கிற ஜெபத்தையும் அம்மாவின் துக்கத்தையும் யாரோ இரண்டு பக்கமாகப் பிரித்து நிறுத்திவிட்டதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மூப்பர் காட்டிய ரோமர் 13இலிருந்தே தொடங்குவோம். ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற அந்த அதிகாரம் வேதத்தில் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு அனுமதி இல்லை. ஆனால் அதை எழுதிய பவுல் யார்? அதை எழுதுவதற்குச் சில வருடங்களுக்கு முன் பிலிப்பி பட்டணத்தில் அதிகாரிகளின் உத்தரவின்பேரில் பகிரங்கமாகத் தடியால் அடிவாங்கி, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டுக் கிடந்தவர். விடிந்ததும் அதே அதிகாரிகள் ஆள் அனுப்பி, சத்தமில்லாமல் போகச் சொல்லுங்கள் என்றபோது பவுல் எழுந்து போகவில்லை. விசாரணை இல்லாமல் எல்லாருக்கும் முன்பாக அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று இருந்துவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள், கெஞ்சிக் கேட்டார்கள். அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொன்ன அதே மனிதர், அதிகாரம் செய்த தவறுக்கு அதிகாரமே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டவர். ரோமர் 13:4 ஆளுகிறவனைத் தேவ ஊழியக்காரன் என்கிறது, நமக்கு நன்மை உண்டாகும்பொருட்டு வைக்கப்பட்டவன் என்கிறது. ஊழியக்காரன் என்றால் அவனுக்கு மேலே கணக்குக் கேட்கிற எஜமான் ஒருவர் இருக்கிறார். அந்த அதிகாரம் வரியைக் கொடு, கனத்தைக் கொடு என்கிறது. உன் பிள்ளையை மறந்துவிடு என்று அதில் எந்த வசனத்திலும் இல்லை. ஒரு தாய் மௌனமாக இருப்பதைக் கலகம் என்று சொல்ல அந்த மூப்பருக்கு ரோமர் 13 உரிமை கொடுக்கவில்லை. இதை அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், போதகர் சொல்லட்டும். எப்படிச் சொல்ல வைப்பது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது கோரேஸ். உங்கள் போதகர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன், ஆனாலும் இதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. கோரேசைத் தெரிந்துகொண்டேன் என்று ஏசாயா 45இல் சொன்னது தேவன். நாம் இங்கே செய்வது வேறு: முடிவு வெளியான பிறகு, வென்றவருக்கு வேதத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துச் சூட்டுகிறோம். வேறொருவர் வென்றிருந்தால் அவருக்கும் ஒரு பெயர் தயாராக இருந்திருக்கும். தானியேல் 2:21 ராஜாக்களைத் தள்ளி ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் தேவன் என்கிறது, அது உண்மை. ஆனால் ஓசியா 8:4ஐயும் எடுத்துப் பாருங்கள், இவர்கள் ராஜாக்களை ஏற்படுத்திக்கொள்ளுகிறார்கள், ஆனாலும் என்னாலே அல்ல என்று அதே தேவன் சொல்கிறார். ஆகவே யாருடைய வெற்றியிலும் தேவனுடைய கையொப்பம் இருக்கிறது என்று நாம் மேடையில் நின்று சொல்லிவிட முடியாது. செப்டம்பர் 21 தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை, அனுரவுக்கு முதல் எண்ணிக்கையில் 42 வீதம், இந்த நாட்டின் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கையும் எண்ணித்தான் முடிவைச் சொன்னார்கள். அப்படியானால் வாங்கில் உட்கார்ந்திருக்கிற சபையாரில் எத்தனை பேர் வேறொருவருக்குப் போட்டிருப்பார்கள்? யாழ் மாவட்டத்தில் அன்று அவர் எடுத்தது நூற்றுக்கு 10கூட இல்லை. அவர்கள் எல்லாரையும் ஒரே மூச்சில் தேவ சித்தத்துக்கு வெளியே நிறுத்துகிற வார்த்தையாகிவிடுகிறது, நம் காலத்துக் கோரேஸ் என்பது. இன்னொன்று, பதவியேற்ற அன்று அனுரவே தான் மந்திரவாதி அல்ல, சாதாரண மனிதன்தான், தனக்குத் தெரிந்ததும் உண்டு தெரியாததும் உண்டு என்ற கருத்தில் பேசினார். பிரபுக்களை நம்பாதேயுங்கள் என்கிற சங்கீதம் 146 நம் கையில் இருக்கிறது. அவர் தன்னைப் பற்றிச் சொன்னதைவிடப் பெரிய பட்டத்தை நாம் அவருக்குக் கட்ட என்ன அவசியம்?

அதே நேரம், அத்தானிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சங்குக்குப் போட்டது அவருடைய உரிமை, அதற்காக யாரும் அவரைக் குறைவாகப் பார்க்கக் கூடாது. நாடு முழுவதும் சேர்த்து இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குப் போட்டார்கள், வெல்லமாட்டார் என்று தெரிந்தே போட்டார்கள், எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று காட்டப் போட்டார்கள். ஆனால் அவருடைய தம்பி திசைகாட்டிக்கு வேலை செய்ததும் காரணமில்லாமல் இல்லை. 2022இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்ற தலைமுறை அது. களவில்லாத ஆட்சி ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டது, தமிழ்க் கட்சிகள் ஒன்றையொன்று இழுத்துக் கிழிப்பதைப் பார்த்துச் சலித்துப்போனது. செப்டம்பரில் ஒதுங்கி நின்ற யாழ்ப்பாணம் நவம்பர் 14இல் 6 ஆசனங்களில் 3ஐ அவர்களுக்குக் கொடுத்தது என்றால் அத்தனை பேரையும் விலைபோனவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? உங்கள் குறூப்பில் துரோகி என்ற சொல் எத்தனை தரம் வந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் வந்திருக்கும். நம் மண்ணில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் துப்பாக்கி வந்த காலம் ஒன்று இருந்தது, அந்தக் காலத்தில் சகோதரனைச் சகோதரன் புதைத்தான். ஒரு சபைக்குள் அந்தச் சொல் நடமாடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கனடாவில் இருந்து வந்த வசனம் பற்றி. சங்கீதம் 109:8, அவன் நாட்கள் கொஞ்சமாயிருக்கட்டும், அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறட்டும் என்பது. உலகத்தில் பல நாடுகளிலும் தேர்தல் முடிந்தால் யாராவது இதை எடுத்துப் போடுகிறார்கள். போட்டவர் அடுத்த வசனத்தையும் வாசித்தாரா? அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களாகவும் அவன் மனைவி விதவையாகவும் ஆகட்டும் என்று இருக்கிறது. விதவைகளும் திக்கற்ற பிள்ளைகளும் போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிற மண்ணுக்கு அந்த வசனத்தை அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அந்தச் சங்கீதம் நொந்துபோனவனின் அழுகை, தன்னைப் பொய்யாகக் குற்றஞ்சாட்டினவர்களைப் பற்றித் தேவனிடம் கொட்டுகிறான், தேவன் அதைக் கேட்டுக்கொண்டார், வேதத்திலும் வைத்துக்கொண்டார். தாங்க முடியாத இரவில் அம்மா அதைத் தேவனிடம் சொன்னால் நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். ஆனால் அதை ஒரு கேலிப்படம்போலக் குறூப்பில் அனுப்புவது வேறு. பவுல்கூட ஒருமுறை பிரதான ஆசாரியனை வெள்ளையடித்த சுவரே என்று திட்டிவிட்டு, அவன் யார் என்று தெரிந்ததும், உன் ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லாதே என்று எழுதியிருக்கிறது என்று தன்னைத் திருத்திக்கொண்டார்.

சரி, இனி உங்கள் அம்மா.

2 சாமுவேல் 21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சபைகளில் அதிகம் பிரசங்கிக்கப்படாத அதிகாரம். தாவீதின் நாட்களில் மூன்று வருடம் பஞ்சம். சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழிதான் காரணம் என்று தெரியவருகிறது. பரிகாரமாகச் சவுலின் வீட்டார் 7 பேரைத் தாவீது கிபியோனியர் கையில் ஒப்படைக்கிறார். கவனியுங்கள், ஒப்படைக்கிறார். அவர்களை மலையிலே கொன்று தூக்கிப்போட்டார்கள், அடக்கம் இல்லை. அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் என்கிற பெண்ணின் பிள்ளைகள். அவள் அரண்மனைக்குப் போகவில்லை, மனுக் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசினதாகவும் வேதத்தில் இல்லை. இரட்டுத் துணியை எடுத்துக் கன்மலையின்மேல் விரித்துக்கொண்டு, அறுவடை தொடங்கின நாளிலிருந்து வானத்திலிருந்து மழை விழுகிறவரைக்கும் அங்கேயே இருந்தாள், பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் அந்தச் சடலங்களைத் தொடவிடவில்லை. அது தாவீதின் காதுக்குப் போனது. ராஜா எழுந்தார், சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் யாபேசிலிருந்து கொண்டுவந்தார், தூக்கிப்போடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து எடுத்தார், எல்லாரையும் கீசின் கல்லறையில் அடக்கம் பண்ணினார்கள்.

அதற்கு அடுத்த வரிதான் உங்கள் சபை முழுவதும் கேட்க வேண்டியது. அதற்குப் பிறகு தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்தைக் கேட்டருளினார் என்று 14ஆம் வசனம் முடிகிறது. ஏழு பேரைக் கொன்றபோது கேட்டார் என்று வேதம் சொல்லவில்லை. அந்தத் தாய் காவலிருந்தது ராஜாவை எட்டி, அவளுடைய பிள்ளைகளுக்குக் கௌரவமான அடக்கம் கிடைத்த பிறகு கேட்டார். தேசத்துக்கான ஜெபம் அவள் உட்கார்ந்திருந்த அந்தக் கன்மலையைக் கடந்துதான் மேலே போனது.

அப்படியிருக்க, ஒவ்வொரு ஞாயிறும் தேசத்துக்காக ஜெபிக்கிற சபையின் நடுவிலேயே ஒரு ரிஸ்பாள் உட்கார்ந்திருக்கும்போது, அவளிடம் போய் நீ தேவனுக்கு விரோதம் என்று சொன்னார்கள் என்றால் எனக்கு மனது தாங்கவில்லை. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் ஒப்படைக்கப்பட்டவர்களோடு போனவர்களில் பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப்பும் ஒருவர், அவரையும் அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. சபைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பதில் கேட்டு உட்காரத் தொடங்கினார்கள், அங்கே சைவத் தாய்மாரும் கிறிஸ்தவத் தாய்மாரும் ஒரே பந்தலில் இருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் போராடி, பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். உங்கள் அம்மா பந்தலில் இல்லாவிட்டாலும், சபை வாங்கில் குனிந்த தலையோடு அதே காவலைத்தான் காக்கிறா.

அதனால் ஆமென் சொல்ல அவவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆமென் என்று சொன்னால் மகனை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்ற பயம் அவவுக்கு இருக்கக்கூடும், என்னிடம் வந்த வேறு தாய்மார் இதே பயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது சபை, அம்மாவின் காதில் வசனத்தைச் சொல்லி அல்ல, ஜெபத்தையே மாற்றி.

இனி நீங்கள் ஏன் ஜெபிக்க வேண்டும் என்பது. 1 தீமோத்தேயு 2 ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் என்று நான்கைச் சொல்கிறது. நல்லவர்களாக இருந்தால் என்றோ நாம் வாக்குப் போட்டவர்களாக இருந்தால் என்றோ நிபந்தனை எதுவும் இல்லை. பழைய திருச்சபையின் பாரம்பரியப்படி பார்த்தால் அது நீரோவின் காலம். எரேமியா 29:7 தங்களைச் சிறைபிடித்துக்கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது, அதன் சமாதானத்தில்தான் உங்களுக்கும் சமாதானம் என்கிறது. நெல் விலையும் மண்ணெண்ணெய் விலையும் மீன்பிடிப் பிரச்சினையும் காணி விடுவிப்பும் அம்மாவின் கேள்விக்கான பதிலும், எல்லாமே அந்த நாற்காலியில் இருப்பவரின் மேசைக்குத்தான் போகிறது. அந்த மேசையை நாம் தேவனுக்கு முன்னால் வைக்காமல் விட்டால் நட்டம் நமக்குத்தான். சாமுவேலையும் நினைத்துப் பாருங்கள், இஸ்ரவேல் ராஜாவைக் கேட்டது அவருக்குப் பிடிக்கவே இல்லை, முகத்துக்கு நேரே சொன்னார். ஆனாலும், உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாமலிருந்தால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவனாவேன் என்றார், ராஜாவைத் தெரிந்துகொண்ட அதே மக்களைப் பார்த்து. பிற்பாடு அந்த ராஜாவான சவுல் கெட்டுப்போனபோது அவனுக்காகத் துக்கப்பட்டு அழுததும் சாமுவேல்தான், அவன் செய்தது தவறு என்று நேரில் போய்ச் சொன்னதும் அதே சாமுவேல்தான்.

நன்றி சொல்வது எப்படி என்று கேட்டீர்கள். வென்றதற்காக நன்றி சொல்ல உங்களுக்கு மனம் வராவிட்டால் சொல்ல வேண்டாம், தேவனுக்கு முன்னால் நடிக்கத் தேவையில்லை. துப்பாக்கி இல்லாமல் ஆட்சி கைமாறியதற்கு நன்றி சொல்லலாம். தோற்றவர்கள் எழுந்து போனார்கள், வென்றவர் வந்து உட்கார்ந்தார், நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 1971இலும் 1987 முதல் 89 வரையும் ஆயுதம் எடுத்த ஜே.வி.பி., அதாவது தேசிய மக்கள் சக்திக்குத் தலைமை தாங்குகிற அனுரவின் கட்சி, இன்று வாக்குப்பெட்டியால் வந்திருக்கிறதே, அதற்கும் நன்றி சொல்லலாம்.

அந்தக் கட்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம். தமிழர்களுக்கு ஜே.வி.பி. மேல் உள்ள கசப்பு காரணமில்லாதது அல்ல. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் போய் 2006இல் தீர்ப்பு வாங்கினவர்கள் அவர்கள், யுத்தத்துக்கு ஆதரவாக நின்றவர்கள் அவர்கள். இதை மறந்துவிட்டு ஜெபிக்கச் சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றும் உண்மை. தெற்கில் பல்லாயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டது அந்தக் கட்சியின் பெயரால். டயர் போட்டு எரித்தார்கள், ஆற்றில் மிதந்தார்கள். பிள்ளை எங்கே என்று தெரியாமல் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு செத்த தாய்மார் மாத்தறையிலும் அம்பாந்தோட்டையிலும் இருக்கிறார்கள். இந்த நாட்டை இதுவரை ஆண்ட யாரையும்விட இவர்களுக்கு உங்கள் அம்மாவின் வலி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் ஒன்றும் செய்யாவிட்டால் அதற்கு அவர்கள் தேவனுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஜெபத்தில் இதைச் சொல்லுங்கள், கடிதத்திலும் சொல்லுங்கள்.

கடிதம் என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. ஜெபித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது வேத வழி அல்ல. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை ஒவ்வொரு நாளும் பலிபீடத்தில் ஜெபித்தவர். 2011 ஜனவரியில் யுத்தத்தைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழு முன்னால் போய் உட்கார்ந்து, அரசாங்கத்தின் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்குகளையே எடுத்துக்காட்டி, வன்னியில் இருந்த 429,059 பேரில் 282,380 பேர்தான் வெளியே வந்திருக்கிறார்கள், மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2021இல் அவர் இறக்கும்வரை அந்தக் கேள்விக்கு ஒரு அரசும் பதில் சொல்லவில்லை. ஆயர் திட்டவும் இல்லை, துதிபாடவும் இல்லை, எண்ணைச் சொல்லிக் கேட்டார், அவ்வளவுதான். 2019 உயிர்த்த ஞாயிறைப் பாருங்கள், கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, நம் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். குண்டு வைத்தவர்களை மன்னிக்க ஜெபித்த அதே கிறிஸ்தவர்கள், காக்கத் தவறிய அரசின்மேல் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள், 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. புதிய ஜனாதிபதியும் பதவியேற்றுச் சில வாரங்களுக்குள் கட்டுவாப்பிட்டி ஆலயத்துக்குப் போய் நீதி கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். நல்லது. அந்த வாக்கை அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருப்பதும் கிறிஸ்தவ வேலைதான்.

உங்கள் சபைக்கு நான் ஒரு ஜெபத்தை எழுதித் தருகிறேன், போதகருக்குக் காட்டுங்கள், அவர் விரும்பினபடி மாற்றிக்கொள்ளட்டும்:

"கர்த்தாவே, எங்கள் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவுக்கும் அவரோடு ஆளுகிறவர்களுக்கும் நியாயம் தீர்க்கிற மனதைத் தாரும். ஏழையின் பிள்ளைகளை அவர்கள் காக்கட்டும். பொய் சொல்லாத ஆலோசகர்களை அவர் பக்கத்தில் வையும். அவர் செய்கிற நன்மையை நாங்கள் வாழ்த்தவும், அவர் தவறினால் பயமில்லாமல் சொல்லவும் எங்களுக்கு வாயைத் தாரும். எங்கள் நடுவே காத்திருக்கிற தாய்மாரை நினைத்தருளும். அவர்கள் கையால் ஒப்படைத்த பிள்ளைகளின் பெயர்களை இப்பொழுது உம்முடைய சமுகத்தில் சொல்லுகிறோம்..."

அந்த இடத்தில் நிறுத்தி, பெயர்களை வாசிக்க வேண்டும். உங்கள் அண்ணாவின் பெயரும், சபையில் வேறு யாருக்கு யார் இல்லையோ அவர்களுடைய பெயரும். ஆளுகிறவரின் பெயரும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயரும் ஒரே ஜெபத்தில் வரட்டும். அப்போதும் அம்மா ஆமென் சொல்லாவிட்டால் பரவாயில்லை, யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இதற்குப் போதகரின் துணை வேண்டும். ஆராதனை முடிந்து கையைக் குலுக்கும்போது வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். அவரை ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், தேநீர் ஊற்றிக் கொடுங்கள், அம்மா தானாக அண்ணாவின் கதையைச் சொல்லட்டும், நீங்கள் நடுவில் விளக்கம் கொடுக்க வேண்டாம். அந்தக் கதையை முழுவதும் அவர் கேட்டிருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். கேட்ட பிறகு, மூப்பரிடம் பேச வேண்டியதை அவரே பேசுவார். பேசாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

அத்தானைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம், அவர் கோபித்தது ஜெபத்தின்மேல் இல்லை, கோரேசின்மேல். போதகர் நேரில் போய் ஒரு வார்த்தை பேசினால் அவர் திரும்பி வர வழி இருக்கிறது. அண்ணன் தம்பி இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்து அரசியல் பேச வைக்கும் முயற்சி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். நத்தார் வருகிறது, அக்கா வீட்டில் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டால் போதும். குறூப்பை நடத்துகிறவரிடம், ஜெப விண்ணப்பமும் சபை அறிவித்தலும் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று ஒரு ஒழுங்கு போடச் சொல்லுங்கள். அரசியல் பேச விரும்புகிறவர்கள் தனியாக ஒரு குறூப் தொடங்கிக்கொள்ளட்டும், பேசுவது தவறில்லை.

கடைசியாக பெப்ரவரி 4. அந்த நாளைச் சிலர் சுதந்திர நாளாகவும் சிலர் கரிநாளாகவும் வைக்கிற ஊரில் இருக்கிறீர்கள். மூப்பர் ரோமர் 13ஐக் காட்டினார் அல்லவா, அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 14:5 இருக்கிறது, ஒருவன் ஒரு நாளை மற்றொரு நாளிலும் விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயமுள்ளவனாக இருக்கட்டும் என்று. பாடப் போனாலும் நீங்கள் குற்றவாளி இல்லை, போகாமல் அம்மாவோடு வீட்டில் இருந்தாலும் குற்றவாளி இல்லை. போவதானால் பாடகர் குழுத் தலைவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், கொண்டாட்டப் பாட்டுகளோடு ஒரு புலம்பல் சங்கீதமும் அன்று இருக்கட்டும் என்று, 13ஆம் சங்கீதத்தை உங்கள் குழு நன்றாகப் பாடும் என்று நினைக்கிறேன். ஜனவரி நடுவுக்குள் பாட்டுகளைத் தெரிவு செய்து முடித்துவிடுவார்கள், ஆகவே நத்தார் கழிந்த கையோடு கேளுங்கள்.